லினக்ஸில் கேம் விளையாட எந்த கார்டு வாங்கலாம்?

கேள்வி, 3 நவம்பர் 2025

அண்ணே, என்னிடம் இருப்பது ஐ5-4590 பிராசசர் போட்ட பழைய அலுவலகக் கணினி. விண்டோஸ் 10-க்குப் போன மாதம் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இதில் ஏறாது. தீபாவளி விடுமுறையில் லினக்ஸ் மின்ட் போட்டேன், நன்றாக ஓடுகிறது. இப்போது கேம் விளையாட ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கையில் 700 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஈப்போவில் ஒரு கடைக்காரர் லினக்ஸில் கேம் எல்லாம் ஓடாது என்கிறார். கூட்டாளிகள் கண்ணை மூடிக்கொண்டு ஏஎம்டி வாங்கு என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

3 நவம்பர் 2025, இரவு

ஏஎம்டி வாங்கு தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்னது 2018 வரை ஏறக்குறைய உண்மை. அந்த ஆண்டு ஆகஸ்டில் வால்வ் நிறுவனம், ஸ்டீம் என்ற தன் கேம் கடைக்குள், விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட வைக்கும் புரோட்டானைக் கொண்டுவந்தது. விண்டோஸ் கேம் கார்டோடு பேசுவது டைரக்ட்எக்ஸ் என்ற மொழியில். லினக்ஸ் டிரைவருக்குப் புரிவது வல்கன் என்ற மொழி. நடுவே உட்கார்ந்து டைரக்ட்எக்ஸ் 9, 10, 11 மூன்றையும் டிஎக்ஸ்விகே வல்கனாக மாற்றுகிறது, 12-ஐ விகேடி3டி-புரோட்டான் மாற்றுகிறது. என் தாத்தா காலத்துத் தோட்டத்தில், வேலையாட்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில், துரை இங்கிலீஷில் சொன்னதைக் கிராணி (கணக்கர்) தமிழில் சொன்ன மாதிரிதான். கிராணி கெட்டிக்காரராக இருந்தால் வேலை தாமதமே ஆகாது.

ஆனால் கிராணி சொன்னதைக் கேட்டு வேலையை முடிக்க ஆள் வேண்டுமே, அதுதான் டிரைவர். ஏஎம்டி கார்டுக்கு டிரைவரைத் தேடிப் போக வேண்டாம். ஒரு பாதி லினக்ஸின் கருவான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, மறு பாதி மெசா என்ற கிராபிக்ஸ் மென்பொருள் தொகுப்பில் இருக்கிறது. மின்ட் போட்ட அன்றே இரண்டும் உன் கணினிக்குள் வந்துவிட்டன. கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டால் படம் வரும். முழுக்க முழுக்கத் திறமூலம், யாரும் படித்துத் திருத்தலாம்.

என் வீட்டில் ஆர்எக்ஸ் 580 ஓடுகிறது. 2017-இல் வந்த கார்டு. 2019-இல் விட்சர் 3 விளையாடியபோது நோவிகிராட் நகரத் தெருவில் குதிரையில் போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் படம் ஒரு நொடி நின்று நின்று போகும். ஷேடர், அதாவது படம் வரையக் கார்டு ஓட்டும் குட்டி நிரல், தயாராகும் வரை காத்திருக்கும் நொடி அது. அப்புறம் வால்வ் ஆட்கள் எழுதிய ஏசிஓ என்ற ஷேடர் கம்பைலர் 2020-இல் மெசா 20.2-இல் இயல்பாகவே சேர்ந்து வந்தது. அதே கார்டு, அதே கணினி, ஒரு காசு செலவில்லை. வழக்கமான அப்டேட்தான் போட்டேன். அந்தத் தெருவில் அந்த நிற்றல் பெரும்பாலும் போய்விட்டது. வாங்கி வருடங்கள் ஆன பொருள் நாளாக நாளாக நன்றாவதை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை.

உன் பணத்துக்கு இரண்டாம் கை ஆர்எக்ஸ் 6600. பெட்டி மெல்லியதாக இருந்தால் ஆர்எக்ஸ் 6400.

4 நவம்பர், காலை

ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். நேற்று கேட்க மறந்தேன்: என்ன கேம் விளையாடப் போகிறாய்? அதைச் சொல்லாமல் ஒரு வெள்ளியும் செலவு பண்ணாதே.

6 நவம்பர்

கேள்வி கேட்ட தம்பி பட்டியல் கொடுத்திருக்கிறார்: டோட்டா 2, விட்சர் 3, எல்டன் ரிங், அவர் தங்கைக்கு ஸ்டார்டியூ வேலி, அவர் தம்பிக்கு வேலரன்ட்.

முதல் நான்கும் பிரச்சினை இல்லை. டோட்டா 2-க்கும் ஸ்டார்டியூவுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. எல்டன் ரிங் புரோட்டானில் ஓடுகிறது.

வேலரன்ட் ஓடாது. எந்த கார்டு போட்டாலும் ஓடாது. ஆயிரம் வெள்ளி கார்டும் அதை மாற்றாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு நிரல் விண்டோஸ் கெர்னலுக்குள் இறங்கி உட்காரும் வகை. அதே நிறுவனத்தின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் 2024-இல் அதையே கொண்டுவந்தார்கள். ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு தடுப்பு நிரல்களும் 2021 முதல் புரோட்டானில் வேலை செய்யத் தயாராக இருக்கின்றன. ஆனால் கேம் எழுதியவர் அனுமதித்தால்தான். எல்டன் ரிங்கில் அனுமதித்தார்கள், பப்ஜியில் இல்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, 2024 கடைசியில் கதவை மூடிவிட்டார்கள்.

உன் தம்பிக்கு என்ன வயது என்று தெரியாது. இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பையன் வீட்டில் இது சொல்லாமல் விட்டதால் வந்த அழுகையை நான் பார்த்திருக்கிறேன். அப்பா மூன்று மாதம் ஓவர்டைம் செய்து வாங்கிய கார்டு அது.

9 நவம்பர், ஞாயிறு

இன்றைக்குப் பவர் சப்ளை பற்றி. நான் செம்பனை ஆலையில் சார்ஜ்மேன், மின்சாரப் பொறுப்பாளர், இருபது வருடமாக. கார்டைப் பற்றி நான் சொல்வதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, மின்சாரத்தைப் பற்றிச் சொல்வதை நம்பு.

கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி பவர் சப்ளை லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 290 வாட். கார்டுக்கென்று தனிக் கேபிள் ஒன்றுகூட இல்லை. அலுவலகக் கணினிகள் பெரும்பாலும் இப்படித்தான். மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டு எடுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட் வேண்டும், மீதியை 8 பின் கேபிள் வழியாகக் கேட்கும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா கேபிளை 8 பின்னாக மாற்றும் ஒரு குட்டி ஒயர் பத்து வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. வாங்காதே. சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர். மொத்தம் நாலரை ஆம்பியர், அதாவது 54 வாட். 8 பின் கேட்கக்கூடியது 150 வாட் வரை. போன வருடம் பக்கத்துத் தெருவில் ஒரு பையன் "கேம் பாதியில் ஆஃப் ஆகுது அங்கிள்" என்று கூப்பிட்டான். தகட்டைத் திறந்ததும் பொரிந்த பிளாஸ்டிக் வாசம். மஞ்சள் ஒயரின் உறை முனைக்குப் பக்கத்தில் பழுப்பாகி, வெள்ளை முனை ஒரு பக்கம் சப்பிப் போயிருந்தது. கையால் இழுத்தேன், வரவில்லை. உருகி ஒட்டியிருந்தது. அந்த மேசை படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னிரவு இரண்டு மணி வரை அதில்தான் அவன் விளையாடுவானாம்.

புது பவர் சப்ளை வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டைப் பார்க்காதே. 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார். 500 வாட் என்று எழுதி 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், கார்டுக்கும் பிராசசருக்கும் கிடைப்பது 216 வாட்தான்.

இன்னொன்று, சில பிராண்டு அலுவலகக் கணினிகளில் மதர்போர்டுக்குப் போகும் பிரதானக் கேபிள் 24 பின் இல்லை, 8 பின். அதற்குத் தனி மாற்று ஒயர் வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போ.

9 நவம்பர், இரவு

இடி. மலையடிவாரத்து ஊர், மூன்று நான்கு மணிக்கு வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடு. மோடத்திலிருந்து வரும் லேன் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கு. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

10 நவம்பர்

முதல் நாள் எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். மெல்லிய பெட்டிக்கு ஆர்எக்ஸ் 6400 என்றேன். ஏஎம்டி என்ற ஒரே நினைப்பில் சொல்லிவிட்டேன், அது இந்தக் கணினிக்குச் சரியான பதில் இல்லை.

ஆர்எக்ஸ் 6400 மதர்போர்டோடு பேச நான்கே பாதைகள். புதிய பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஸ்லாட் உள்ள போர்டில் அது சமாளிக்கும். 4590 போர்டு பழைய 3.0, அங்கே ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதி. கார்டில் மெமரி 4 ஜிபிதான், அது நிரம்பியதும் அந்த ஒடுங்கிய வழியில் போக்குவரத்து நெரிசல். வீடியோ பதிவு செய்யும் என்கோடரும் அதில் இல்லை.

பவர் சப்ளையை மாற்றவே முடியாது என்றால், தனிக் கேபிள் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 இந்த வயதுக் கணினிக்குப் பொருத்தம். பதினாறு பாதை, 75 வாட். ஆம், ஏஎம்டியின் போட்டி நிறுவனமான என்விடியாதான். வாங்கும்போது 6 பின் ஓட்டை இல்லாத மாடலா என்று பார்த்து வாங்கு, இரண்டு வகையும் சந்தையில் உண்டு.

6600-க்கு எட்டுப் பாதை. 3.0 போர்டிலும் பெரிய இழப்பில்லை. பவர் சப்ளை மாற்றினால் அதுவே என் தேர்வு.

16 நவம்பர்

ஒருவர் சரியாகப் பிடித்தார். ஏஎம்டி டிரைவர் முழுக்க முழுக்கத் திறமூலம் என்று எழுதியது தவறு. கெர்னல் பகுதியும் மெசாவும் திறந்தவை. ஆனால் கார்டு விழித்தெழும்போது அதற்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் மூடிய பொருள், நிறுவனம் கொடுப்பதை அப்படியே வாங்கி ஏற்றுகிறோம். ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் எது திறந்திருக்கிறதோ அதன் மதிப்பு குறையவில்லை. ஆர்ஏடிவி என்ற வல்கன் டிரைவரை 2016-இல் தொடங்கிய டேவ் ஏர்லியும் பாஸ் நியூவென்ஹைசனும் ஏஎம்டி ஊழியர்கள் இல்லை. நிறுவனம் தன் சொந்த டிரைவரைத் திறக்கத் தாமதித்தது, இவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். பிறகு வால்வ் பணம் போட்டு ஆள் வைத்தது. இந்த வருடம் செப்டம்பரில் ஏஎம்டி தன்னுடைய ஏஎம்டிவிஎல்கே டிரைவரை நிறுத்திவிட்டு இனி ஆர்ஏடிவிதான் என்று சொல்லிவிட்டது. கேம் விளையாடும் எங்களுக்கு அன்று ஒன்றுமே மாறவில்லை, நாங்கள் ஏற்கெனவே அதில்தான் இருந்தோம்.

என்னைப் போன்ற சுங்கை சிப்புட் ஊர்க்காரனுக்கு இதைக் கேட்டால் வேறு ஒன்று ஞாபகம் வரும். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலம். 1960-இல் எங்கள் ஊர்க்காரரும் அப்போது அமைச்சருமான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால்மரம் சீவியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. என் பாட்டி பங்குப் புத்தகத்தைச் சேலை மடிப்புகளுக்கு நடுவில் வைத்திருந்தார். தோட்டம் விற்றுப்போனால் தோட்டத்து வரிசை வீடான லயத்தையும் காலி பண்ண வேண்டும் என்ற பயத்தில் வளர்ந்தவர் அவர். முதலாளி கைவிட்டாலும் பொருள் நம் கையில் நிற்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேயிருந்து வந்தது. கார்டு வாங்கும்போதும் அது என்னை விடுவதில்லை.

23 நவம்பர்

இரண்டாம் கை கார்டு பற்றிக் கேட்கிறார்கள். என் 580 கதையைச் சொல்கிறேன்.

உண்மையில் இது என் இரண்டாவது 580. முதலாவது இடியில் போனது. இதை 2023-இல் 220 வெள்ளிக்கு வாங்கினேன். 2022 செப்டம்பர் 15-இல் ஈத்தரியம் என்ற மின் நாணயத்துக்குக் கார்டு வைத்துத் தோண்டும் முறை, அதாவது கார்டை ஓட்டிக் கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும் முறை, நின்றது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. இதுவும் அதில் ஒன்று. விற்றவர் கண் முன்னால் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார், நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் பத்து நிமிடம் விளையாடியதும் திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள், பிறகு கணினி உறைந்து நின்றது.

இரண்டு நாள் டிரைவரைச் சந்தேகித்து வீணாக்கினேன். பிறகு கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது மேல் விளிம்பில் அரிசி அளவு ஒரு சுவிட்ச். சில 580-களில் கார்டை இயக்கும் அடிப்படை நிரலான பயாஸ் இரண்டு உண்டு, சுவிட்ச் எந்தப் பக்கமோ அது ஓடும். ஒன்றில் தோண்டுகிறவர் மெமரியை இறுக்கி மாற்றிய பயாஸ், மற்றதில் தொழிற்சாலைப் பயாஸ். நகத்தால் தள்ளினேன். சதுரங்கள் அன்றோடு போயின.

ஹீட்சிங்கையும் கழற்றினேன். உள்ளே பேஸ்ட் நெற்றியில் காய்ந்த சந்தனம் மாதிரி வெடித்து உதிர்ந்தது. ஆல்கஹால் போட்டுத் துடைத்து, புதிதாக ஒரு துளி வைத்து மூடினேன். சூடு 84-இலிருந்து 71 பாகைக்கு இறங்கியது. நம் ஊரில் இன்னொரு எதிரி, ஆலைப் பாய்லரில் செம்பனை நாரும் கொட்டை ஓடும் எரிந்து வரும் கரித்தூள். ஃபேன் இதழில் எண்ணெய்ப் பசையோடு ஒட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை துடை.

580 என்று விற்பதில் 2048எஸ்பி என்ற வகை உண்டு. முழு 580-க்கு 2304 கோர், அதற்கு 2048, அதாவது 570-க்குச் சமம். விலையும் 570 விலையாக இருந்தால் வாங்கலாம்.

ஜிடிஎக்ஸ் 660, 760, 770 ஐம்பது அறுபது வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கேட்கிறது. அந்தத் தலைமுறைக்கு என்விடியாவின் டிரைவர் 1.2-ஓடு நின்றுவிட்டது.

24 நவம்பர்

இன்டெல் நிறுவனத்தின் பி580 கார்டு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். 12 ஜிபி, நல்ல கார்டு, டிரைவரும் திறமூலம். ஆனால் ரீசைசபிள் பார் என்ற, கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் எட்டும் வசதி இல்லாத போர்டில் வேகம் பாதாளத்துக்குப் போகும். 4590 காலத்துப் போர்டில் பொதுவாக அது இல்லை. புதுக் கணினி கட்டுகிறவர் பார்க்கட்டும்.

28 டிசம்பர், ஞாயிறு

என் மச்சான் வீட்டில் ஜிடிஎக்ஸ் 1060. ஓடுவது ஆர்ச் வழி வந்த லினக்ஸ், எப்போதும் ஆகப் புதிய பதிப்புகளைத் தரும் வகை. கணினியைக் கவனித்துக்கொள்வது நான். காலையில் எப்போதும் போல அப்டேட் போட்டேன். மறுபடி கிளம்பியபோது திரை கறுப்பு, மூலையில் வெள்ளை எழுத்தில் பெயர் கேட்கும் ஒரு வரி.

என்விடியாவின் 590 வரிசை டிரைவர் வந்துவிட்டது. மேக்ஸ்வெல், பாஸ்கல் என்ற பழைய கார்டுத் தலைமுறைகளை அது எடுக்காது, அவற்றுக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி (என் ஆர்எக்ஸ் 580 கார்டு வேறு, இந்த எண் வேறு). 1060 பாஸ்கல். இதை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், ஆர்ச் பக்கத்திலும் எச்சரிக்கை போட்டிருந்தார்கள். நான் படிக்காமல் அப்டேட் போட்டேன், தவறு என்னுடையது. கைப்பேசி இணையத்தைப் பகிர்ந்து, புது டிரைவரை நீக்கி, 580 டிரைவரை வெளிக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கட்டி முடிக்க மாலை ஆகிவிட்டது. அக்கா இரண்டு தடவை தே போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

மின்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம், அங்கே 580 டிரைவர் தனிப் பொதியாக இருக்கிறது, தானாக மாறாது. பாதுகாப்புத் திருத்தங்களும் இன்னும் சில காலம் வரும்.

ஆனால் ஒன்றை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆர்எக்ஸ் 480 வந்தது 2016 ஜூன். 1060 வந்தது அதே வருடம் ஜூலை. ஒரு மாத வித்தியாசத்தில் பிறந்த இரண்டு கார்டுகள். 480 இன்றைக்கும் ஆகப் புதிய மெசாவில் ஓடுகிறது, வெளியாகும் ஒவ்வொரு திருத்தமும் அதற்கும் வருகிறது. 1060-க்கு வாசல் மூடியாயிற்று. இரும்பு கெட்டுப் போகவில்லை, மச்சான் கார்டு இன்னும் சத்தமில்லாமல் ஓடுகிறது. பொருளாதார வசதி இருப்பவர் நான்கு வருடத்துக்கு ஒரு கார்டு மாற்றுவார். நம் வீடுகளில் ஒரு கார்டு அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுக்கு என்று பத்து வருடம் போகிறது. நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இது பெரிய விஷயம்.

29 டிசம்பர்

நேற்று கோபத்தில் எழுதியதைக் காலையில் படித்தேன். என்விடியாவே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1650 உள்ளிட்ட 16 வரிசை, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை தொடங்கி 2022 முதல் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்டார்கள், 590 டிரைவரும் அவற்றை எடுக்கும். லினக்ஸ் திரையைக் காட்டும் புதிய முறையான வேலாண்டில் படம் மினுமினுத்த தொல்லை 2024-இல் வந்த 555 டிரைவரோடு பெருமளவு தீர்ந்தது. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸை விட வேகம் குறைவது இன்னும் இருக்கிறது. அனிமேஷன் படிக்கும் மகளுக்கு பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் வேண்டும் என்று ஓர் அம்மா கேட்டார். அதற்கு 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 என்றுதான் சொன்னேன்.

டிவியில் 4கே தெளிவில் நொடிக்கு 120 படமாக விளையாட நினைப்பவர்களுக்கு ஏஎம்டியில் ஒரு தடை உண்டு. எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறமூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி எழுதிக் கொடுத்ததை எச்டிஎம்ஐ மன்றம் 2024-இல் மறுத்துவிட்டது. மானிட்டர் என்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள்.

11 ஜனவரி 2026

தம்பி கோலாலம்பூர் கணினிக் கடைத்தொகுதியான லோயாட் பிளாசா வரைக்கும் போய் அலைந்துவிட்டு, கடைசியில் ஈப்போவிலேயே இரண்டாம் கை ஆர்எக்ஸ் 6600 வாங்கிவிட்டார், 500 வெள்ளி. 550 வாட் பவர் சப்ளையும் மாற்று ஒயரும் சேர்த்து 680. இன்று காலை கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். கார்டு நீளத்துக்கு ஹார்ட் டிஸ்க் கூண்டு இடித்தது, நான்கு ஸ்குரூ கழற்றி எடுத்தோம். சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை. தம்பி முகம் வெளுத்துவிட்டது. பின்னால் போய்ப் பார்த்தால் மானிட்டர் கேபிள் பழைய பழக்கத்தில் மதர்போர்டு ஓட்டையில். கார்டு ஓட்டையில் மாற்றிக் குத்தியதும் மின்ட் சின்னம் வந்தது. டிரைவர் என்று ஒன்றையும் இறக்கவில்லை.

விட்சர் 3-ஐத் திறந்து நேராக நோவிகிராட்டுக்குத்தான் போகச் சொன்னேன். தம்பி மீன் சந்தை வழியாகக் குதிரையை ஓட்டினார், நான் பின்னால் நின்று பார்த்தேன். எங்கேயும் நிற்கவில்லை.

அவருடைய தம்பி வேலரன்ட் விளையாட என் மச்சான் வீட்டுக்குப் போகிறானாம். மச்சான் விண்டோஸை ஒரு தனி டிஸ்கில் வைத்திருக்கிறார்.

18 ஜனவரி

மச்சானும் கார்டு மாற்றிவிட்டார். அந்த 1060 இப்போது என் அலமாரியில், துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து. 6 ஜிபி, 6 பின், 120 வாட். மின்டில் 580 டிரைவரோடு இன்னும் நன்றாக ஓடும். பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் காசில்லாமல் தருகிறேன். பவர் சப்ளை லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையில் வாருங்கள்.